ஆற்றங்கரையில் மிதிவண்டி

மலைநாட்டில் மிதிவண்டி ஏறிச் செல்வது இந்நாளில் மேலைநாட்டார் பலருக்குப் பெருவிருப்பமாக வளர்ந்திருக்கிறது. தார் பரப்பிய பெருஞ்சாலையை அவர்கள் விரும்புவதில்லை. சரளைக்கல் இறைந்த பழம்பாதைகளையும், ஆட்டிடையரும் படைவீரரும் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகளையும் தேடிப் போகிறார்கள். இங்கிலாந்தில் இத்தகைய கரட்டுவழிப் பயணத்திற்கென்றே 1955-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் அஸ்ஸியெத்தா என்றொரு பாதை உண்டு. கடல் மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் மலைமுகட்டை ஒட்டியே செல்லும் சரளைப்பாதை அது. முன்னொரு காலத்தில் படைகளுக்காக அமைக்கப்பட்டது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், வாரத்தில் புதனும் சனியும் ஆகிய இரு நாட்கள் பகற்பொழுதில் மோட்டார் வண்டி எதுவும் அதில் செல்லலாகாது என்று விதி செய்திருக்கிறார்கள். அவ்விரு நாட்களும் அம்மலை, நடப்போருக்கும் மிதிப்போருக்கும் உரியது.

இதைக் கேட்கும் தஞ்சை மாணவர் ஒருவர், "ஐயா, எங்கள் ஊரில் மலை எங்கே இருக்கிறது?" என்று வினவக்கூடும். நியாயமான வினாத்தான். திருச்சிராப்பள்ளியிலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு. அத்தனை தொலைவிற்குள் நிலம் தாழ்வது 100 மீட்டருக்கும் குறைவு. கும்பகோணம் கடல் மட்டத்திற்கு மேல் 25 மீட்டர் அளவிலேயே நிற்கிறது. கிலோமீட்டர் ஒன்றுக்கு அரை மீட்டர், முக்கால் மீட்டர் என்று இறங்கும் நிலத்தைச் சமவெளி என்று சொல்லாமல் வேறு என்னென்று சொல்வது? ஆயினும் நம் நாட்டிலும் உயர்ந்து நீண்டு செல்லும் ஒன்று உண்டு. ஆற்றங்கரையைச் சொல்கிறேன்.

மலையடிவாரத்து ஆறு பள்ளத்தில் ஓடும். கழிமுகத்து ஆறோ மேட்டில் ஓடும். ஆண்டுதோறும் வண்டலைக் கொண்டுவந்து படியவைத்துத் தன் படுகையைத் தானே உயர்த்திக்கொள்வது அதன் இயல்பு. ஆகவேதான் கரையில் ஒரு மதகைத் திறந்தால் நீர் தானே இறங்கி வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் பாய்கிறது. இறைக்க வேண்டிய தேவை இல்லை. இதன் பயனாக, காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று எந்த ஆற்றங்கரையின்மீது நின்று பார்த்தாலும் ஒரு பக்கம் நீரும், மறு பக்கம் நம் காலுக்குக் கீழே விரிந்து கிடக்கும் வயலும் தெரியும். கொள்ளிடத்தின் வெள்ளக்கரை இன்னும் உயரமானது. அதன் உச்சியில் செல்பவன் தென்னந்தோப்பின் இடுப்பளவு உயரத்தில் செல்கிறான் என்றால் அது மிகையாகாது.

இக்கரைகள் எவையும் உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. நீரைக் காப்பதற்காக எழுந்தவை. ஐப்பசி, கார்த்திகை மாதத்து மழையில் கரை எங்கேனும் கசிகிறதா என்று பார்க்கவேண்டும். நண்டு வளை ஒன்று போதும், ஓர் ஊரையே வெள்ளக்காடாக்குவதற்கு. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இந்த அச்சத்தைத் தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் நெஞ்சில் நிறுத்திவிட்டது. ஆகவே பொதுப்பணித்துறையின் லஸ்கர்கள் கையில் விளக்குடன் இரவிலும் நடந்து பார்ப்பதற்கென்று கரையின் தலைப்பில் ஒரு பாதையை விட்டு வைத்தார்கள். காவலுக்கென்று விட்ட பாதையே பின்னாளில் மிதிவண்டிக்கும் வழியாயிற்று. பிரான்சு நாட்டில் 1681-இல் முடிவுற்ற தெற்குக் கால்வாயின் கரையில், படகை இழுத்துச் செல்லும் குதிரைகளுக்காக விட்டிருந்த பாதையில் இன்று மிதிவண்டிகள் ஓடுகின்றன. நீரின் ஓரத்தில் மனிதன் இட்ட பாதை எந்நாட்டிலும் ஒரே கதையைத்தான் சொல்கிறது போலும்.

கரைகளுள் தனியே சொல்லத்தக்கது கல்லணைக் கால்வாய். பொதுமக்கள் அதனைப் புது ஆறு என்றே அழைக்கிறார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934-ஆம் ஆண்டில் பயனுக்கு வந்த கால்வாய் ஆதலின், ஆயிரம் ஆண்டு ஆறுகளுக்கு நடுவே இது புதியதுதான். கல்லணையில் புறப்பட்டுத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அருகே நகருக்குள் புகுந்து, தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளுக்கு நீரூட்டி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. தலைமைக் கால்வாயின் நீளம் 148 கிலோமீட்டர் அளவாகும். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதனை நம்பியிருக்கிறது.

இக்கால்வாய் ஏனைய ஆறுகளைப் போலத் தாழ்வான இடம் நோக்கி நேரே ஓடவில்லை. மேட்டுநிலத்தின் ஓரத்தைத் தழுவிக்கொண்டு, உயரத்தை இயன்றவரை இழக்காமல், சுற்றிச் சுற்றிச் செல்கிறது. விரைந்து இறங்கிவிட்டால் அப்பால் உள்ள மேட்டுநிலத்திற்கு நீர் எட்டாது. மலையில் சாலை அமைக்கும் பொறியாளர் செய்வதும் இதுவே. செங்குத்தாக ஏறாமல், சரிவைத் தழுவி, ஒரே சீரான வாட்டத்தில் பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோகிறார். சாய்வை அளக்கும் கருவியும் கணக்கும் இருவருக்கும் ஒன்றே. ஆகவே கால்வாய்க் கரையில் மிதிவண்டி செலுத்துகிறவன், ஏற்றம் மட்டும் இல்லாத ஒரு மலைப்பாதையில்தான் செல்கிறான். வளைவு உண்டு, ஒரு புறம் சரிவு உண்டு, அடுத்த திருப்பத்தில் என்ன வருமென்ற ஆவலும் உண்டு.

மண்ணைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பழைய பாசனப்பகுதியாகிய கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்து மண் கரிய களிமண். கோடையில் அது கல்லைப் போல் இறுகி, வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டாலோ, சக்கரத்தைச் சுற்றி அப்பிக்கொண்டு, மட்கார்டுக்குள் புகுந்து வண்டியை நிறுத்தியே விடும். அப்போது வண்டி நம்மைச் சுமப்பதை விட்டு, நாம் வண்டியைச் சுமக்க வேண்டிவரும். வல்லம், ஒரத்தநாட்டுப் பக்கம் செம்மண்ணும் மணலும் கலந்த நிலம். அங்கே செம்பறாங்கல் சரளையைப் பரப்பிய கரை, மழை விட்ட சில மணி நேரத்திலேயே காய்ந்து சக்கரத்திற்கு இடங்கொடுக்கும். மிதிவண்டிக்கு உகந்தது இதுதான்.

மேலைநாடுகளில் சரளைப்பாதைக்கென்றே தனி மிதிவண்டி செய்து விற்கிறார்கள். அதன் சிறப்பு யாதெனில், பந்தய வண்டியின் டயரைக் காட்டிலும் அகன்ற டயர். 35 மில்லிமீட்டர் முதல் 50 மில்லிமீட்டர் வரை. அகன்ற டயரில் காற்றைச் சற்றுத் தளர்வாக அடைத்தால், கல்லின்மேல் ஏறும்போது டயர் குழைந்து கொடுக்கும், வண்டி துள்ளாது, மிதித்த உழைப்பு வீணாகாது. இப்பொழுது நம் ஊர் உழவர், கேரியரில் புல்லுக்கட்டும் கைப்பிடியில் தூக்குச் சட்டியுமாக ஓட்டிச் செல்லும் பழைய வண்டியைப் பாருங்கள். 28-க்கு ஒன்றரை என்று அதன் டயரில் பொறித்திருக்கும். ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீட்டர். விலையுயர்ந்த புதுமை என்று அவர்கள் கண்டதை நம் உழவர் பல்லாண்டுகளாக மிதித்துக்கொண்டிருக்கிறார்! எடையில்தான் வேற்றுமை. அவர்களது வண்டி 10 கிலோ அளவு; நம்முடையது ஏறத்தாழ இருபது. கம்பி பிரேக்கின் குறை ஒன்றும் உண்டு. இரும்பு ரிம் நனைந்தால் அது பிடிப்பதில்லை. மழைநாளில் கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் வண்டியைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு செல்வதே அறிவுடைமை.

மலை இல்லை என்றேன். அதற்குப் பதிலாக நமக்குக் காற்று உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து ஒருமுறை மிதித்துப் பார்த்தவர், அம்மி பறப்பதாகச் சொல்லும் பழமொழியை எள்ளி நகையாட மாட்டார். மாணவர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காற்றின் தடை, அதனை நாம் எதிர்கொள்ளும் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளரும். காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம் என்று கொள்வோம். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், நம்மேல் மோதும் வேகம் 35. முப்பத்தைந்தின் வர்க்கத்தைப் பதினைந்தின் வர்க்கத்தால் வகுத்தால், தடை ஐந்து மடங்கிற்கு மேல் ஆகிறது. வண்டியும் ஆளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், இவ்வாறு மிகும் தடை, 100 மீட்டருக்கு 3 மீட்டர் ஏறும் மலைப்பாதையின் தடைக்கு ஏறக்குறையச் சமமாகும். மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் வரையுள்ள 35 கிலோமீட்டரை அக்காற்றுக்கு எதிராகக் கடந்தவன் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறிய உழைப்பைச் செலவிட்டவன் ஆகிறான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவதில் பாதிக்கும் அதிகம் அது. சமவெளியில் உடல் வலிமைக்கு வழியில்லை என்று எண்ணுவோர் இக்கணக்கைத் தம் கால்களிடமே கேட்டுக்கொள்ளலாம். கரையோரம் மரம் அடர்ந்திருந்தால் காற்று தணியும். பூவரசும் புங்கமும் வைத்தவர்கள் நிழலுக்காக வைத்தார்கள். நமக்கு அவை காற்றுக்கும் மறைப்பாகின்றன.

எந்த மாதத்தில் செல்வது? பாசன நாட்காட்டியே மிதிவண்டியின் நாட்காட்டியும் ஆகும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படும். அணையில் நீர் இல்லாத ஆண்டுகளில் இந்நாள் தள்ளிப்போவதுண்டு. ஜூன் நடுவில் நீர் கல்லணைக்கு வந்து சேர்கிறது. புதுநீர் வரும் நாட்களில் கரை காய்ந்தே இருக்கும். நீரின் தலையோடு தலையாக வண்டியைச் செலுத்தி, ஊர் ஊராக மக்கள் அதனை வரவேற்பதைக் காணலாம். இதற்கு ஈடான காட்சியை நான் மலைகளில் கண்டதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரைப்பக்கம் போகாதிருப்பதே நன்று. தைப்பொங்கலுக்குப் பின் சம்பா அறுவடைக் காலத்தில் வேறொரு தொல்லை எழும். நெல்லையும் வைக்கோலையும் சாலையிலேயே பரப்பிக் காயவைப்பார்கள். வைக்கோல் சங்கிலியிலும் ஃப்ரீவீலிலும் சுற்றிக்கொண்டு விட்டால், கத்தியை எடுத்து உட்காரவேண்டியதுதான். ஆனால் அந்த மாதங்களின் காலைப்பொழுதும், பனியும், அறுத்த தாளின் மணமும் அத்தொல்லையை மறக்கச் செய்யும். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடவேண்டும்.

இவ்வளவும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாகத் தோன்றலாம். ஆனால் கழிமுக நாட்டில் மிதிவண்டி பெரும்பாலும் பொழுதுபோக்கிற்காக ஓடுவதில்லை. பள்ளிக்குச் செல்வதற்காக ஓடுகிறது. 2001–02-ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் சேரும் மாணவ மாணவியர் யாவருக்குமாக விரிந்தது. வண்டி கிடைத்தது. வழி கிடைத்ததா என்பதே கேள்வி. சிற்றூரிலிருந்து புறப்படும் பிள்ளை ஐந்து, ஆறு கிலோமீட்டர் செல்லவேண்டும். அதில் ஒரு பகுதியேனும் பேருந்தும் லாரியும் விரையும் நெடுஞ்சாலையாக இருக்கிறது. நான்கு வழிச்சாலை வந்தபிறகு வேகம் இன்னும் மிகுந்துவிட்டது. அதே ஊரிலிருந்து அதே பள்ளிக்கு ஆற்றங்கரை வழியே சென்றால், தொலைவு சற்றே கூடலாம், லாரி இராது.

கரையையும் அகலப்படுத்தித் தார் போட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு எளிதாகுமே என்று சிலர் கூறுகிறார்கள். நான் அதனை ஒப்பவில்லை. கல்லணையிலிருந்து காவிரிக் கரையை ஒட்டிப் பூம்புகார் நோக்கிச் செல்லும் சாலையைப் பாருங்கள். பழைய கரைவழிதான் அது. இன்று மாநில நெடுஞ்சாலை. அழகிற்குக் குறைவில்லை, அமைதிதான் இல்லை. தார் வந்தவுடன் லாரியும் வரும். லாரி வந்தபின் மிதிவண்டி ஓரத்திற்கு ஒதுங்கும். கரையில் ஓரம் என்பது ஆறு! எனவே ஒவ்வோர் ஆற்றுக்கும் இரு கரை உண்டு ஆதலின், ஒரு கரையையாவது சரளையாகவே விட்டு, நடைக்கும் மிதிவண்டிக்கும் உரியதாக வைப்பதே தக்கது. இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் வேண்டா. கரைமுகப்பில் நான்கடி இடைவெளி விட்டு இரண்டு கருங்கற்களை நட்டால், மிதிவண்டி நுழையும், லாரி நுழையாது.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. கரைக்கு அப்பால் நிலம் உள்ள உழவருக்கு டிராக்டர் போகவேண்டும். அறுவடை இயந்திரம் போகவேண்டும். வெள்ளக் காலத்தில் நீர்வளத்துறையாரின் ஜீப்பும் மணல் மூட்டை ஏற்றிய வண்டியும் போகவேண்டும். கல்லை நட்டு இவர்களைத் தடுப்பது அறமாகாது, அறிவும் ஆகாது. கற்களுக்கு மாறாகப் பூட்டும் திறவும் உள்ள ஒரு கதவை வைத்து, திறவுகோலை ஊரிலும் துறையிலும் கொடுத்து வைக்கலாம். மழைக்காலத்தில் கனமான சக்கரங்கள் கரையில் பள்ளம் பறிப்பதும், அப்பள்ளத்தில் நீர் நின்று கரை இளகுவதும் துறையார் அறிந்ததே. ஆகவே கனவண்டிகளைக் கட்டுப்படுத்துவது கரைக்கும் நன்மை.

அச்சம் தரும் செய்தி ஒன்றையும் மறைக்கலாகாது. கல்லணைக் கால்வாயில் நீர் நிறைந்து ஓடும்போது இழுப்பு கடுமையானது. விழுந்தவர் கரையேறுவது அரிது. அதனைச் சீரமைக்க ஏறத்தாழ 2,640 கோடி ரூபாய் மதிப்பில் 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, அடித்தளமும் பக்கங்களும் பல இடங்களில் கான்கிரீட்டால் அமைக்கப்படுகின்றன. நிலத்தடிக்கு நீர் ஊறாது போகுமே என்று உழவர்கள் அப்போது முறையிட்டனர். அவ்வழக்கு என் பேச்சுக்கு அப்பாற்பட்டது. ஆயினும் கான்கிரீட் சரிவில் பாசி படர்ந்துவிட்டால் கால் பற்றாது, கை பற்ற வேரும் புல்லும் இரா என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பள்ளிப்பிள்ளைகள் செல்லும் இடங்களில் நீர்ப்பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு வேலியும், ஆங்காங்கே படிக்கட்டும் வைப்பது கரையை வழியாக்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை. தனிமையும் ஒரு குறையே. மாலை மயங்கியபின் மாணவியர் ஆளற்ற கரையில் செல்லத் தயங்குவதைக் குறைகூற முடியாது. கூட்டமாகச் செல்வதும், மதகுதோறும் ஒரு விளக்கு இருப்பதும் பெரிதும் உதவும். எந்தப் பாதைக்கும் இறுதிக் காவல் அதில் செல்வோரின் எண்ணிக்கைதான்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. புது ஆறு போய்ச் சேரும் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிறது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அங்கு நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கம் தந்தார். ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பெண்கள், பலருடைய ஏளனத்தையும் கேட்டுக்கொண்டு, மண்சாலையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை எழுதி உலகறியச் செய்தார். பெண்களுக்கான வண்டி கடைகளில் தீர்ந்துபோகவே, ஆண்கள் வண்டியையே வாங்கினார்கள் என்றும், நடுவிலுள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் பலர் அதனையே விரும்பினார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்ட சிறுவர்கள் நாம். அக்கம்பிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்று நமக்குத் தோன்றியதில்லை. ஒருத்தி சென்றால் பேச்சாகும் வழியில் நூறு பேர் சென்றால் அது வழக்கமாகிவிடுகிறது. கரைக்கும் இது பொருந்தும்.

விடுமுறை நாளில் சென்று பார்க்க விரும்பும் மாணவருக்கு ஒரு வழி சொல்கிறேன். தஞ்சைக்கு வடமேற்கே தென்பெரம்பூரில் வெண்ணாறு பிரியும் நீரொழுங்கியில் தொடங்குங்கள். ஒரே இடத்தில் நீர் வெவ்வேறு ஆறுகளாகப் பங்கிடப்படுவதைப் பார்த்தாலன்றிப் பாசனம் என்பது புத்தகத்தில் மட்டும் நின்றுவிடும். அங்கிருந்து வடவாற்றைப் பின்பற்றினால், கரந்தைப் பக்கமாகத் தஞ்சை நகரின் வடபுறத்தைத் தொட்டு, மன்னார்குடிச் சாலைக்கு அருகிலுள்ள வடுவூர் ஏரிக்கு வந்து சேரலாம். ஆறு முடியுமிடத்தில் ஏரி தொடங்குகிறது. 1991-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2022-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. நவம்பருக்குப் பின் பறவைகள் மிகுதி. கரை சில இடங்களில் தார்ச்சாலையாக இருக்கும்; சில இடங்களில் முள் அடைத்திருக்கும்; இறங்கித் தள்ளவேண்டும். காற்றடிக்கும் பம்பு ஒன்று, ட்யூப் ஒட்டும் பசை, ஒரு பழைய ட்யூபின் துண்டு, குடிநீர் ஆகியவை கையில் இருக்கட்டும். கருவேல முள்ளுக்கு அகன்ற டயரும் தப்புவதில்லை. வழியில் பஞ்சர் கடை கண்டால், சக்கரத்தின் கோட்டத்தையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். வடுவூரில் ஏரிக்கரை ஏறும்போது காலை ஒன்பது மணிக்குள் இருந்தால், பறவைகள் இரை தேடிக் கலைவதற்கு முன் காணலாம்.